பாதி சொன்ன வழக்கு

காரைக்கால்
20.4.2025

விசாலாட்சிக்கு,

கஜா புயல் அடித்துப் படகெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததே, அதற்கு அடுத்த தை மாதம் நீ எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாய். கொரோனா இரண்டாம் தடவை வந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மனிதர்கள் திரிந்த வருஷம், மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் போட்டு உன்னை என் மகனிடமிருந்து தீர்த்துவிட்டோம். வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. எந்தப் புயலுக்கு முன்னால், எந்தச் சாவுக்குப் பின்னால் என்று கேட்டால் சொல்லுவேன்.

இதை எழுதுகிறவர் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதும் சஃபியுல்லா பாய். கருக்களாச்சேரிக்குப் போய் உன் அம்மாவிடம் விலாசம் வாங்கினேன். உட்காரச் சொல்லவில்லை. "போன் பண்ணா எடுக்கமாட்டா. எழுதிப் போடுங்க, இஷ்டமிருந்தா படிப்பா" என்றாள். உன் தங்கை அஞ்சுகம் உள்ளே இருந்தபடியே என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

விஷயம் இதுதான். சிவபாலனுக்கு வேறு பெண் பார்த்திருக்கிறோம். பெண்ணின் மாமன் கொஞ்சம் படித்தவன். "ஊர்க்கூட்டத்துல தீர்த்துவிட்டது சர்க்காருக்குச் செல்லாது, கோர்ட்டுப் பேப்பர் காட்டுங்க" என்கிறான். அதற்கு நீங்கள் இருவரும் சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போடவேண்டுமாம். கோர்ட்டு லீவு முடிந்ததும் ஒரு நாள் வந்து போட்டுக் கொடுத்தால் உனக்கும் விடுதலை, அவனுக்கும் விடுதலை. பஸ் செலவு நான் தருகிறேன்.

பாய் "வேற ஏதாச்சும் உண்டா?" என்று கேட்கிறார். உண்டு, ஆனால் எழுத வரவில்லை. அன்றைக்கு நீ கோயிலுக்கு எதிரே இருக்கிற மீன் ஏலக்கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றாய். கூட்டம் முடிந்து திரும்பினபோது உன் முகத்தைப் பார்க்காமல் போகவேண்டும் என்று சுற்றுவழியாக வீட்டுக்குப் போனேன். மற்றபடி எல்லாரும் சுகம்.

ஐயனார்

•

புதுச்சேரி
29.4.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பஸ் செலவு வேண்டாம்.

ஒரு பெண் தன் மாமனாருக்கு எழுதக்கூடாததை இதில் எழுதப்போகிறேன். முதலில் கை கூசியது. பிறகு யோசித்தேன். நானும் உங்கள் மகனும் அறைக்குள் எப்படி இருந்தோம் என்று கோயில் வாசலில், ஊர் ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, நீங்கள் பேசினீர்கள். "இந்தப் பெண் குடித்தனத்துக்கு ஆகாதவள்" என்றீர்கள். மனசில் வேறு யாரையோ வைத்துக்கொண்டுதான் புருஷனை ஒதுக்குகிறாள் என்று ஒருத்தர் சொன்னபோது நீங்கள் மறுக்கவில்லை. என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கு மேல் எனக்கு என்ன கூச்சம் மிச்சம்?

எனக்கு வலித்தது மாமா. முதல் நாளிலிருந்து வலித்தது. அடிவயிற்றுக்குள் கத்தியை வைத்துத் திருப்புவது போல. மாதவிலக்கு வந்தால் அந்த மூன்று நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன், அது உங்களுக்கே தெரியும். நாளாக ஆக, அவர் பாயை விரித்தாலே என் உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். நான் இறுக்கவில்லை. கண்ணுக்கு நேரே கையை வீசினால் இமை மூடுமே, அந்த மாதிரி. அவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார். அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் படகில் கூட்டாளிகளிடம் சொன்னார். அது கரைக்கு வந்து, உங்கள் கூட்டத்துக்கும் வந்தது. நடுவில் நீங்கள் எனக்கு வேப்பிலை அடிக்கவும் ஏற்பாடு செய்தீர்கள்.

இங்கே துணிக்கடையில் நின்றபடியே வேலை. போன வருஷம் ஒரு மாதவிலக்கின்போது மயங்கி விழுந்தேன். மேற்பார்வை பார்க்கும் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மாதான் என்னிடம் முதன்முதலாகக் கேட்டார், "புருஷனோட சேர்ந்திருக்கும்போது வலி இருந்துச்சாம்மா?" என்று. நான் அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய சவ்வு எனக்கு வெளியிலும் வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் அதுவும் கசிந்து, புண்ணாகி, உள்ளே ஒன்றோடு ஒன்றை ஒட்டவைத்திருக்கிறது. தொப்புளருகே சிறு துளை போட்டு, குழாய் விட்டுப் பார்த்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். திரும்ப வளரலாம் என்பதால் மாத்திரை தொடர்கிறது. பயத்தில் இறுகிப்போன இடுப்புத் தசையைத் தளர்த்த மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது மாதவிலக்கிலும் வேலைக்குப் போகிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கு இரண்டு வேண்டும்.

ஒன்று, வரப்போகிற பெண்ணுக்காக. அவளுக்கு வலித்தால் உங்கள் மகன் அந்த நேரமே நிறுத்தவேண்டும். பழகிவிடும் என்று யாரும் சொல்லக்கூடாது. வலிக்கு என்னைப் போலவே காரணம் இருக்கவேண்டும் என்றில்லை. சிலருக்கு உள்ளே புண்ணோ கிருமியோ இருக்கும், சிலருக்குக் கட்டி இருக்கும். பிள்ளை பெற்ற தையல் ஆறாமல் வலிக்கும். பால் கொடுக்கிற காலத்திலும் மாதவிலக்கு நின்ற வயதிலும் ஈரப்பசை வற்றி எரியும், அதற்குக் களிம்பு இருக்கிறது. சிலருக்கு வெறும் பயம், அதுவும் வலிதான். எதுவானாலும் கூட்டிப்போகவேண்டிய இடம் டாக்டரிடம். கோயில் வாசலுக்கு அல்ல.

இரண்டாவது, எந்தக் கூட்டத்தில் சொன்னீர்களோ அதே கூட்டத்தில் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்குங்கள். அஞ்சுகத்தைப் பார்க்க வந்தவர்கள் இதுவரை மூன்று இடம். மூன்றும், "அக்காளைப் போல இருந்தா என்ன செய்யறது" என்று எழுந்து போய்விட்டார்கள். உங்கள் ஊரில் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

விசாலாட்சி

•

காரைக்கால்
9.5.2025

விசாலாட்சிக்கு,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். சஃபியுல்லா பாய் உன் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மடித்துவிட்டார். "ஐயனாரே, இது உம்ம மருமவ உமக்கு எழுதினது. நான் படிச்சா அந்தப் புள்ளைக்கு இன்னொரு கூட்டம் போட்ட மாதிரி. பொம்பளை யாரையாச்சும் படிக்கச் சொல்லும்" என்றார். காசும் வாங்கவில்லை. ஆகவே நம் ஊருக்கு ஊசி போட வருகிற நர்ஸ் சந்திராவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். இதை எழுதுவதும் அவள்தான்.

உன் அத்தை சொர்ணாம்பாள் கூடத்தில் இருந்தாள். எழுந்து போகச் சொன்னேன், போகவில்லை. சந்திரா கடைசிவரை படித்தாள்.

நான் கேட்டேன், "ஏம்மா, இப்படி ஒரு நோவு நெசமாவே இருக்கா?"

"இருக்கு பெரியப்பா. பத்துப் பொம்பளைல ஒருத்திக்கு இருக்கும்."

"நம்மூர்ல ஒருத்தியும் சொன்னதில்லையே?"

"சொன்னவளைத்தான் அனுப்பிட்டீங்களே. அப்புறம் எவ சொல்லுவா?"

உன் அத்தை சிரித்தாள். சிரிப்பு இல்லை அது. "அவ மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. எல்லாப் பொம்பளைக்கும் அப்புடித்தான், பழகிடும்னேன். எனக்கு எங்க பழகுச்சு?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன முழிக்கிறீங்க? கூட்டத்துல அவ்ளோ பேசுற வாய்க்கு வூட்டுக்குள்ள பூட்டா?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். ஒன்றாக இத்தனை காலம் இருந்தும் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட எனக்கு என்னவோ போல இருக்கிறது.

உனக்கு வலி இருந்ததை நம்புகிறேன். சிவபாலனிடமும் பேசுகிறேன். ஆனால் இரண்டாவதாகக் கேட்டாயே, அதற்கு நம் ஊர் முறை உனக்குத் தெரியாது. கூட்டத்தில் சொன்ன சொல்லை, சொன்னவர்கள்தான் எடுக்கவேண்டும். அன்றைக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள் நாலு பேர். நான் ஒருத்தன் எழுந்து நின்று மாற்றிச் சொன்னால் ஊர் ஏற்குமா? மேலும் இப்போது தலைவராக இருக்கிற நவநீதன் சின்னப் பையன், இதையெல்லாம் காதில் வாங்கமாட்டான். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். கையெழுத்தை மட்டும் முடித்துக்கொண்டு போ.

ஐயனார்

•

புதுச்சேரி
15.5.2025

மாமாவுக்கு,

பொறுக்கச் சொல்லி அத்தை சொன்னார்கள், இப்போது நீங்கள். உங்கள் வீட்டில் வேறு வைத்தியமே கிடையாதா?

நாலு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். தூணுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டவள் நான். மற்ற மூன்று பேரும் எனக்காகத் தயங்கத்தான் செய்தார்கள். "சின்னப் பொண்ணு, இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்" என்று ஒருத்தர் சொன்னார். அப்போது நீங்கள்தான், "இதே மாதிரி முன்னாடி தையல்நாயகி வழக்கு வந்துச்சு. அன்னைக்கும் தீர்த்துதான் வுட்டோம்" என்றீர்கள். அதோடு எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஊரில் நடந்த வழக்கெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது, நீங்கள் சொன்னால் அது சட்டம். மகன் விவகாரம் என்று எழுந்து போகவேண்டிய நீங்கள், பழைய வழக்குகளைச் சொல்ல ஆள் வேண்டும் என்று உட்காரவைக்கப்பட்டீர்கள்.

அந்தத் தையல்நாயகி யார்? அவளுக்கு என்ன? நாலு வருஷமாக அந்தப் பெயர் என்னோடு இருக்கிறது.

விசாலாட்சி

•

காரைக்கால்
24.5.2025

விசாலாட்சிக்கு,

எழுபத்தேழு புயல் என்று எல்லாரும் சொல்வார்களே, நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்டது, அதற்கு அடுத்த கோடையில் நடந்தது தையல்நாயகி வழக்கு. எனக்கு அப்போது மீசை கறுப்பு. நான் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை, கூட்டத்தில் நின்று பார்க்கிறவன்.

அவள் தெற்குத் தெருவுக்கு வாழ வந்த பெண். புருஷன் பெரிய வலைக்காரன். வந்து ஒரு வருஷம் ஆகுமுன்னே, பெண் புருஷனோடு சேரவில்லை என்று கூட்டம் போட்டார்கள். தீர்த்துவிட்டார்கள். உன் கூட்டத்தில் நான் சொன்னது இந்த அளவுதான்.

சொல்லாமல் விட்டது இனிமேல். அந்தக் காலத்தில் பெண்ணையும் கூட்டத்தில் நிறுத்துவார்கள். தலைவர், "உனக்கு என்னடி கொறை?" என்று கேட்டார். அவள் குனிந்தபடியே, "வலிக்குதுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கேட்டது. கூட்டம் சிரித்தது. "ஊர்ல இல்லாத உடம்பா?" என்று ஒருத்தன் கத்தினான். மறுபடியும் சிரிப்பு. அவள் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டாள். பச்சைச் சேலை, சிவப்புக் கரை. அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இனிமேல் பெண்களைக் கூட்டத்துக்குள் நிறுத்தவேண்டாம், அவமானம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார்கள். அதனால்தான் நீ தூணுக்குப் பின்னால் நின்றாய்.

உன் கூட்டத்தில் அவள் பெயரை எடுத்தபோது இதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது விசாலாட்சி. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீகூட நம்பிவிடலாம், எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் மறக்கவில்லை. அவள் வலி என்று சொன்னாள், உன் அத்தையும் நீ வலி என்று சொன்னதாக என்னிடம் சொல்லியிருந்தாள். இரண்டும் ஒன்றாயிற்றே என்று தோன்றியது. சொன்னால் வழக்கு உன் பக்கம் சாயும். சாய்ந்தால் என் மகனிடம்தான் குறை என்று ஊர் பேசும். ஆகையால் பாதியைச் சொன்னேன். படித்தவன் பொய் சொன்னால் காகிதத்தை எடுத்துப் பார்க்கலாம். நான் சொன்னதை எதில் பார்ப்பார்கள்?

சந்திரா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதும்மா என்கிறேன்.

ஐயனார்

•

புதுச்சேரி
31.5.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் எடுக்கவில்லை. கோபம்தான். பிறகு ஒன்று தோன்றியது, இதை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கோர்ட்டு திறந்ததும் ஒரு திங்கட்கிழமை வருகிறேன், வக்கீலிடம் சொல்லிவையுங்கள். உங்கள் மகனோடு இனி வாழ எனக்கு விருப்பம் இல்லை, அந்தப் பெண்ணைக் காக்கவைக்கவும் விருப்பம் இல்லை. ஆகவே கையெழுத்துக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் போடுவேன். பேரம் பேசி வாங்கிய சொல் அஞ்சுகத்துக்கு உதவாது.

விசாலாட்சி

•

காரைக்கால்
13.6.2025

விசாலாட்சிக்கு,

நாளையோடு தடைக்காலம் முடிகிறது. படகெல்லாம் ஐஸ் ஏற்றுகின்றன. ஆண்கள் கரையில் இருக்கும்போதே முடிக்கவேண்டும் என்று நவநீதனிடம் போய்க் கேட்டேன். காதில் வாங்கமாட்டான் என்று எழுதியிருந்தேன். வாங்கினான். நான் எழுதினதில் அதுவும் ஒரு பொய் என்று வைத்துக்கொள்.

நேற்றுக் காலை கூட்டம். டீசல் விஷயம், கோயில் விஷயம் எல்லாம் முடிந்து எழுந்து நின்றேன். உன் பெயரைச் சொன்னதுமே பின்னால் ஒருத்தன், "என்ன பெருசு, கோர்ட்டு நோட்டீசு வந்துடுச்சா?" என்றான். சிரித்தார்கள்.

"பொம்பளை சமாச்சாரத்தை ஆம்பளை கூட்டத்துல எதுக்குப் பேசுறது?" என்றான் இன்னொருத்தன்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி பேசினமே, அப்ப அது எந்தச் சமாச்சாரம்டா?" என்று கேட்டேன்.

சொன்னேன். விசாலாட்சிக்கு இருந்தது நோய். கர்ப்பப்பைச் சவ்வு வெளியே வளர்கிற நோய். வலிக்குது என்று சொன்னவளைக் குடித்தனத்துக்கு ஆகாதவள் என்று சொன்னது என் வாய். அதை இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு வேறு நினைப்பு இருந்தது என்று பேசினவன் எவனாக இருந்தாலும் அவனும் எடுத்துக்கொள்ளட்டும். தையல்நாயகி வழக்கைப் பாதி சொல்லி உங்களை நம்பவைத்தேன், மீதி இதுதான் என்று அதையும் சொன்னேன். பச்சைச் சேலையைக்கூட விடவில்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

சிவபாலன் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தான். என் மேல் கோபப்பட்டு எழுந்து போவான் என்று நினைத்தேன். எழுந்தான். ஆனால் போகவில்லை. "நானும் படகுல பேசியிருக்கக் கூடாது. கேலி பண்ணுவாங்கன்னு பயந்து அவ மேல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். இன்று காலை சந்திராவிடம் போய், வரப்போகிற பெண்ணுக்காக நீ எழுதிய பகுதியை மட்டும் படித்துக் காட்டச் சொன்னானாம். இரண்டு தடவை கேட்டானாம்.

நவநீதன் என்னிடம் கேட்டான், "சரி பெரியவரே, அஞ்சுகத்துக்குச் சம்பந்தம் பேசுறவங்க இங்க விசாரிக்க வந்தா என்ன சொல்றது?"

"அக்காளுக்கு நோவு இருந்துச்சு, வைத்தியம் பாத்துக்கிட்டா. குத்தம் எங்க ஊர் மேலன்னு சொல்லு."

"ஊர் மேலங்கிறதை ஊர் ஒத்துக்கணுமே?"

"அப்ப என் மேலன்னு சொல்லு."

கடைசியில் அப்படித்தான் முடிந்தது. ஊர் தன் பங்கை ஏற்கவில்லை. உன் பேரில் சொன்ன சொல் ரத்து என்று நவநீதன் மூன்று தடவை சத்தமாகச் சொன்னான். இனி எந்தப் பெண்ணாவது வலி என்று சொன்னால், அந்த வழக்கைக் கூட்டத்துக்கு எடுக்காமல் முதலில் சந்திராவிடம் அனுப்புவது என்றும் பேசினார்கள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மத்தியானமே கருக்களாச்சேரிக்குப் போய் உன் அம்மாவிடமும் சொன்னேன். அஞ்சுகம்தான் கதவைத் திறந்தாள்.

இன்னொன்று. போன வாரம் சொர்ணாம்பாள் என்னைத் தையல்நாயகியின் பிறந்த ஊரான நாகூருக்கு அனுப்பினாள். "மருமவகிட்ட தப்பை ஒத்துக்கிட்டாச்சு, அந்தப் பொம்பளைகிட்ட?" என்றாள். சந்தையில் கருவாட்டுக்காரிகளிடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்து, நெத்திலிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லையாம். எதிர்க் கடை நிழலில் நின்று பார்த்தேன். கிட்டே போகக் கால் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். உன் அத்தை சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் கலைகிறபோது நவநீதன், "அந்தப் பழைய வழக்கையும் ரத்து பண்ணணும்னா, அன்னைக்கு இருந்தவங்க இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டான். ஒவ்வொருத்தராகச் சொன்னேன். தீர்ப்புச் சொன்ன தலைவர் சுனாமிக்கு முந்தின வருஷமே போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைச் சுனாமி கொண்டுபோயிற்று. ஊர்ல இல்லாத உடம்பா என்று கத்தினவன் கொரோனாவில் போனான். அவளுடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவே இல்லை. சிரித்தவர்களில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. ஆமாம், நானும் சிரித்தேன். ரத்து என்று நாங்கள் சொன்னால் போதாது, அவள் கேட்கவேண்டும். உன் கையெழுத்து ஆனதும், நீ சம்மதித்தால், என்னோடு நாகூருக்கு வா. உன் அத்தையும் வருகிறேன் என்கிறாள். வலிக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து சொன்னவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், தையல்நாயகி.